மலையேறக் கூடாத விளக்குகள்

ஆந்திரத்து நகரியில் போய் இறங்கிய அன்று முதல் வேளைச் சாப்பாட்டிலேயே என் பயணம் ரத்தாகிவிட்டது. ராகி சங்கடி என்ற களி உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்து, நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றிய விஜயா, ஊற்றிய கையோடு தீர்ப்பையும் சொன்னாள்.

"துன்னுட்டு ஊரச் சுத்திப் பாத்துட்டுப் போங்கண்ணா. சைக்கிள்ல யாரும் திருப்பதிக்குப் போவல."

விஜயா என் அத்தை மகன் முனிரத்தினத்தின் மனைவி. நான் மலேசியாவில், கிள்ளானில், ஒரு லாரி கம்பெனியின் அலுவலகத்தில் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிப்பவன். முனிரத்தினத்தோடு நகரியிலிருந்து திருப்பதிவரை சைக்கிளில் போவதற்காகவே விடுப்பு எடுத்து, தலைக்கவசமும் கையுறையும் சகிதம் கடல் தாண்டி வந்திருந்தேன். இதையெல்லாம் என்னிடம் ஆசை காட்டி வரவழைத்த முனிரத்தினமோ, எதிரே உட்கார்ந்து சங்கடியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. ரகசியம் பேசுவதென்றால்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிக் கத்திக் கத்தி விஜயா சொன்ன கதை இது. அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாட்களில் முனிரத்தினம் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்தார். கட்டி ஒன்றுமில்லாத கட்டியாக இருந்துவிட்டால் சைக்கிளிலேயே வந்து உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டுதல். கட்டி ஒன்றுமில்லாததாகவே இருந்தது. போன வருடம் முனிரத்தினமும் பக்கத்துத் தறிக்காரர் தாமோதரனும் விடியுமுன் கிளம்பினார்கள். புத்தூரைத் தாண்டியதும் பின்னால் வந்த வேன் ஒன்று முனிரத்தினத்தை உரசிக்கொண்டு போனது. இடது கை முறிந்தது. தாமோதரன் அப்படியே வண்டியைத் திருப்பி, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கே அழைத்துப்போய்க் கட்டுப் போடவைத்தார். கை முறிவதற்கு அதைவிடத் தோதான இடம் இந்த உலகத்தில் கிடையாது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார். மஞ்சள் முடிப்பு மட்டும் உண்டியலுக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

"லைட்டு மலையேறிப்போச்சுண்ணா. அதான் வேன்காரனுக்குத் தெரியல," என்றாள் விஜயா.

எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் சாமியாடுபவரிடமிருந்து சாமி போய்விடுவதைத்தான் மலையேறுவது என்போம். இவர் போவதற்கு முன்னால் இவருடைய விளக்கு எப்படி மலைக்குப் போனது என்று கேட்டேன். நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு அணைந்துபோனது என்று சொன்னால் அமங்கலமாம். வீட்டுக் குத்துவிளக்குக்குச் சொல்லும் மரியாதையை விஜயா சைக்கிள் விளக்குக்கும் கொடுத்துவிட்டாள்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "எனக்கோசரம் வேண்டிக்கினு என் தாலிக்கே வெனை வெச்சிருப்பாரு" என்று சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. தறிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் எளிதில் விடுகிற ஆள் இல்லை. கிள்ளானில் லாரி ஓட்டுநர்கள் தினமும் என் மேசையில் சாய்ந்துகொண்டு புலம்புவதைக் கேட்பவன். இருட்டில் சைக்கிளைப் பற்றி அவர்கள் சொல்வது எல்லாம் ஒன்றுதான்: சிவப்பாக ஏதாவது தெரிந்தால் ஒதுங்குவோம், தெரியாவிட்டால் கடவுள் விட்ட வழி. ஆகவே விஜயாவிடம் பேரம் பேசினேன். ஒவ்வொரு வண்டியிலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விளக்கு மாட்டுகிறேன்; ஒன்று போனாலும் இன்னொன்று எரியும் என்றேன். அவள் பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள், இரண்டு நிபந்தனையோடு. அவளும் தன் சைக்கிளில் வருவாள், முனிரத்தினத்துக்கு நேர் பின்னால். "ஒண்ணு மலையேறினாலும் வண்டியத் திருப்பிடுவேன். அப்புறம் வேண்டுதலு கீண்டுதலுன்னு யாரும் பேசக் கூடாது."

முனிரத்தினம் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "சித்தூர்ல எல்லாம் கெடைக்கும் மச்சான்," என்றார்.

மறுநாள் சித்தூர். பேருந்தின் முன்கண்ணாடியில் பாதியைச் சாமி படங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே பூமாலை தொங்கியது. மிச்சமிருந்த இடைவெளியில் ஓட்டுநர் கழுத்தைச் சாய்த்துச் சாலையைப் பார்த்து ஓட்டினார். கிள்ளானில் இப்படி ஒரு கண்ணாடியோடு வண்டியை வெளியே எடுத்தால் அன்றைக்கே வேலை போய்விடும். முனிரத்தினத்திடம் சொன்னேன். சாமி இருக்கும்போது என்ன பயம் என்றார், நல்லபடியாக ஆறிய இடது கையைத் தடவிக்கொண்டே.

சித்தூரில் சைக்கிள் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டுப் பாடும் ஹாரன் இருந்தது, கைப்பிடியில் தொங்கவிடும் குஞ்சம் இருந்தது, சக்கரக் கம்பியில் கோக்கும் கலர் மணிகள் இருந்தன. பின்விளக்கு என்றால் சிவப்புக் கண்ணாடிச் சில்லை எடுத்துக் காட்டினார்கள். அது தானாக எரியாது, யாராவது வெளிச்சம் அடித்தால்தான் மின்னும். எனக்கு வேண்டியது ஒன்று கெட்டால் உதவும் இன்னொன்று என்பதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் தமிழும் கையசைப்பும் ஒரு கடைக்காரரிடமும் எடுபடவில்லை. கடைசியில் முனிரத்தினம் குறுக்கே புகுந்து தெலுங்கில் நாலு வார்த்தை சொன்னார். அதில் ஒன்று எனக்கும் கேட்டது: "ஸ்டெப்னி லைட்டு."

அவ்வளவுதான், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. லாரியில் உபரியாகத் தொங்கும் சக்கரத்துக்கு இந்தப் பக்கத்தில் ஸ்டெப்னி என்றுதான் பெயர். ஆனால் கடைக்காரர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார் என்பது தெரியவில்லை. சில ஆண்கள் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளும் இன்னொரு குடும்பத்துக்கும் அதே பெயர்தான் என்று திரும்பும்போது முனிரத்தினம் என் காதில் சொன்னார். அதன் பிறகு அந்த வார்த்தையை விஜயாவின் முன்னால் நான் உச்சரிக்கவில்லை.

ஸ்டெப்னி என்ற பெயர் கிடைத்ததே தவிர, ஸ்டெப்னி கிடைக்கவில்லை. இந்தக் காலத்தில் சைக்கிளுக்கு யார் சார் விளக்குக் கேட்கிறார்கள், விளக்கு வேண்டுமென்கிறவர்கள் மோட்டார் வண்டி வாங்கிவிடுகிறார்கள் என்று கடைக்காரர் தெலுங்கில் சொன்னதை முனிரத்தினம் மொழிபெயர்த்தார். மாங்காய் துருவிப் போட்ட காரப்பொரியைப் பொட்டலமாக வாங்கித் தின்றுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான்.

அடுத்த நாள் திருப்பதி. நேராகப் போயிருந்தால் சீக்கிரமே போயிருப்போம். சித்தூரில் முனிரத்தினத்துக்கு நூல் விஷயமாக யாரையோ பார்க்க வேண்டியிருந்ததால் சுற்றிக்கொண்டு போனோம். பாகாலாவுக்குப் பக்கத்தில் பேருந்து நின்றது. பெல்ட் அறுந்துவிட்டதாம். கிள்ளானாக இருந்தால் பயணிகள் போனை எடுத்துப் புகார் எழுதத் தொடங்கியிருப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் கூடையைத் திறந்து பொங்கணாலு விநியோகித்தார். பார்த்தால் நம் குழிப்பணியாரம்தான். எனக்கு இரண்டு கிடைத்தது. எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். இவ்வளவு தூரம் சாமி பார்க்க வந்தீர்களா என்று நெகிழ்ந்துபோய் மூன்றாவதையும் கொடுத்தார். விளக்கு வாங்க வந்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

திருப்பதியில் கியர் சைக்கிள் விற்கும் பெரிய கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டி நிறைய விளக்கு இருந்தது. அங்கேதான் என் உண்மையான குணம் வெளிப்பட்டது. சார்ஜ் போடும் விளக்குகளை முதலிலேயே ஒதுக்கினேன். எங்கள் வண்டிகளில் ஏற்கெனவே இருப்பவை அந்த வகைதான். ஸ்டெப்னி வேறு வகையாக, செல் போட்டு எரிவதாக இருக்க வேண்டும். ஒன்று எதனால் கெடுமோ அதனால் மற்றது கெடக் கூடாது, இதுதான் என் கொள்கை. மிச்சம் இருந்தவற்றைக் கையில் தட்டினேன், உலுக்கினேன், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதில் ஒவ்வொன்றாக முக்கினேன். ஒன்று உள்ளே தண்ணீர் குடித்தது. ஒன்றின் பொத்தான் விரல் பட்டாலே எரிந்தது. பைக்குள் கிடக்கும்போதே செல் தீர்ந்துவிடும். ஒன்று மின்னி மின்னியே எரிந்தது, நின்று எரியவில்லை. கடை முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல, முனிரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளக்கு வாங்க வந்தாரா, பொண்ணு பார்க்க வந்தாரா என்று கேட்கிறார் என்றார். நான் ஐந்தாவது விளக்கைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன். அதுதான் தேறியது. தாமோதரனும் வருவதாகச் சொல்லியிருந்ததால் வண்டி நான்கு; முன்னுக்கு நான்கும் பின்னுக்கு நான்குமாக அதையே வாங்கிக்கொண்டேன்.

நெய்யும் பருப்புப் பொடியுமாகச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மலை தெரிந்தது. முனிரத்தினம் கைகூப்பினார். போன வருடமே போட்டிருக்க வேண்டிய காசு என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய கடன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாட்டுகிற வேலை ஒரு முழு நாளைத் தின்றது. நான்கு வண்டியும் நான்கு ஜாதி. தாமோதரனின் வண்டியில் லுங்கிக் கட்டுகள் ஏற்ற உயரமான கேரியர். பழைய விளக்கு மட்கார்டில் இருந்தது; சீட்டுக்கு அடியில் எதை மாட்டினாலும் மறைந்துவிடும். விஜயாவின் வண்டியில் முன்னால் கூடை. விளக்கைக் கைப்பிடியில் மாட்டினால் கூடைக்குள் இருக்கும் சாப்பாட்டு டப்பாவுக்குத்தான் வெளிச்சம். அதை இறக்கி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் கம்பியில் கட்டினேன். எனக்குக் கொடுத்த இரவல் வண்டியில் சீட்டுக் கம்பி மிக மெல்லிசு, ரப்பர் வார் சுற்றிக்கொண்டு நழுவியது. பழைய டியூபை வெட்டி உள்ளே வைத்துத் தடிமனாக்கினேன்.

தாமோதரனின் கேரியருக்குத்தான் எதுவும் உட்காரவில்லை. தட்டைப் பட்டையில் ரப்பர் வார் எப்படி நிற்கும்? விஜயா உள்ளே போய், முனிரத்தினத்தின் கையில் போன வருடம் வைத்துக் கட்டியிருந்த மூங்கில் பத்தைகளைக் கொண்டுவந்து போட்டாள். எதற்கு எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். திருப்பதி என்று பேச்செடுக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் காட்டுவதற்காம். ஒரு பத்தையைக் கேரியரின் ஓரத்தில் நிறுத்தி, கிழிந்த லுங்கித் துணியை நனைத்து இறுக்கிச் சுற்றி, அதில் விளக்கை மாட்டினோம். அசையவே இல்லை. சைக்கிளுக்கும் புத்தூர் கட்டு போட்டாச்சு என்று தாமோதரன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாக முனிரத்தினத்தின் வண்டி. கேரியர் இல்லை, கூடை இல்லை, சீட்டுக் கம்பி தடிமனாக, நேராக இருந்தது. பழைய விளக்கு சீட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. அதன் கண்ணாடியில் மஞ்சள் கறை படிந்திருந்தது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன். காலையில் எரியவிட்டது, சாயங்காலம்வரை தறிக்கூடத்தில் எரிந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல விளக்கு அன்றைக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கும், கீழே விழுந்த அதிர்ச்சியில் திரும்ப ஒட்டியிருக்கும் என்றார் தாமோதரன். தான் போட்டுவிட்டுத்தான் கிளம்பியதாக முனிரத்தினம் அடித்துச் சொன்னார். அன்று தாமோதரன் முன்னால் போனதால் சாட்சி இல்லை. அதற்கு நேர் கீழே, அதே கம்பியில், புது ஸ்டெப்னியை மாட்டினேன். நான்கு வண்டியில் அதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. நானே எட்டி நின்று இரண்டு தடவை ரசித்தேன்.

கிளம்பிய அன்று தெரு அசாதாரண அமைதியாக இருந்தது. தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. முனிரத்தினம் தலை முழுகி, நெற்றியில் நாமம் போட்டு, சாமி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, தெருக்கோடிக்கு நடந்தேன். லாரிக்காரன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். தாமோதரனின் வண்டியில் இரண்டு சிவப்பு. விஜயாவின் வண்டியில் இரண்டு. சுவரில் சாய்த்திருந்த என் வண்டியில் இரண்டு. நடுவில் முனிரத்தினம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டுதான் இருந்தது.

ஒன்று கெடலாம், இரண்டும் எப்படிக் கெடும்? ஓடி வந்து குனிந்து பார்த்தேன். இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. சீட்டுக்கு அடியில் மஞ்சள் முடிப்பு கட்டப்பட்டிருந்தது. காசின் கனத்தில் முடிச்சு கீழே இறங்கி, துணியின் இரண்டு முனையும் பாவாடை மாதிரி விரிந்து, இரண்டு விளக்கையும் போர்த்திக்கொண்டிருந்தது.

விஜயா வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். துணியைத் தூக்கினாள், சிவப்பு தெரிந்தது. விட்டாள், மறைந்தது. இன்னொரு தடவை தூக்கினாள்.

"போன வர்சம் இத எங்க கட்டுன?"

"இங்கதான்," என்றார் முனிரத்தினம். "சாமி காசு. முன்னாடி கட்டுனா கால் படும், கை படும். சீட்டு கீழ பத்திரமா இருக்கும்னு…"

கண்ணாடியில் நான் தேய்த்துக் கழுவிய மஞ்சள் கறை எனக்கு நினைவு வந்தது. எந்த விளக்கும் மலையேறவில்லை. புத்தூர் தாண்டி அந்த வேன் வந்தபோதும் அது துணிக்குள் சமர்த்தாக எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. செல் வேறு, சார்ஜ் வேறு என்று தண்ணீரில் முக்கி முக்கித் தேர்ந்தெடுத்தவன், இரண்டையும் கொண்டுபோய் ஒரே கம்பியில் மாட்டியிருந்தேன். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துவைப்பது மாதிரி. கோணல்மாணலாகக் கட்டுப் போட்டு இரண்டு விளக்கையும் இரண்டு இடத்தில் வைத்த தாமோதரனின் வண்டிதான் நான்கிலும் பத்திரமான வண்டி.

விஜயா கத்தப்போகிறாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவள் கத்தவில்லை. கணவரின் இடது கையைப் பிடித்து, எலும்பு கூடிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிப்பை அவிழ்த்தாள்.

"எனக்கோசரம் முடிஞ்ச காசு. என் இடுப்புலயே இருக்கட்டும்," என்று சொல்லிச் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "கீழ் லைட்ட அங்கிருந்து எடுங்கண்ணா. மிச்ச பத்த உள்ள கீது," என்றாள்.

போகிறோம் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம். பின்சக்கரத்து மட்கார்டில் மூங்கில் பத்தையை நிறுத்தி, துணியை நனைத்து நானும் முனிரத்தினமும் சுற்றினோம். முடிச்சை நான் போட்டேன். தெருக்கோடிக்கு இந்தத் தடவை விஜயாவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

முன்னால் தாமோதரன், அடுத்து முனிரத்தினம், அவருக்குப் பின்னால் விஜயா, கடைசியில் நான். எங்கள் ஊர்ச் சாலைகளில் ரப்பரும் செம்பனையும் இருட்டோடு இருட்டாக நிற்கும், இங்கே மாந்தோப்புகள். கிள்ளானில் பின்னால் வரும் லாரி ஹாரன் அடித்தால் திட்டுகிறான் என்று அர்த்தம். இங்கே, பார்த்துவிட்டேன், போ என்று அர்த்தம். அன்று ஒவ்வொரு ஹாரனும் எனக்கு இனித்தது. புத்தூர் தாண்டி, போன வருடம் விழுந்த இடத்தில் முனிரத்தினம் வேகத்தைக் குறைத்தார். "நிக்காத, போ. ரெண்டும் எரிஞ்சிக்கினு கீது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் போனார்.

விடிந்தது. வெயிலும் ஏறியது. டீக்கடையில் இறங்கியபோது விளக்கை நிறுத்தப்போனேன். செல் வீணாகிறதே என்ற கவலை எனக்கு. விஜயா கூடாது என்று தலையாட்டினாள். டீக்கடைக்காரர், வழியில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், தண்ணீர் லாரிக்காரர் என்று பார்த்தவர்கள் எல்லோரும் லைட் எரிகிறது என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். தெரியும் என்று அவள் எல்லோருக்கும் தெலுங்கில் பதில் சொன்னாள். பட்டப்பகலில் பதினாறு விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு திருப்பதிக்குள் நுழைந்தோம்.

மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திப் பூட்டினோம். முனிரத்தினம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பழக்கத்தில் சீட்டுக்கு அடியில் கையைக் கொண்டுபோனார். விஜயா அந்தக் கையை விலக்கினாள். இடுப்பிலிருந்து முடிப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு தானே குனிந்து, மேல் விளக்கின் பொத்தானை அழுத்தினாள், மட்கார்டு விளக்கின் பொத்தானையும் அழுத்தினாள்.

"இப்ப மலையேறட்டும்," என்றாள்.

அதன் பிறகு நாங்கள் நான்கு பேரும் ஏறினோம்.